பழுது மீட்புக் குழு

ஞானகுமாரி டீச்சரின் காரை ஒரு தயிர்க்காரர் சைக்கிளில் முந்திக்கொண்டு போனார். நடந்தது அம்பத்தூர் தொழிற்பேட்டை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், காலை நேரத்தில், நாலு பேர் பார்க்க. முந்தியதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. திரும்பிப் பார்த்து, "இன்னா டீச்சரு, பெட்ரோல் மிச்சம் புடிக்கிறீங்களா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

டீச்சர் மிதியை இன்னும் அழுத்தினாள். இன்ஜின் ஓலமிட்டது. வண்டி மட்டும் கல்யாண ஊர்வலத்தின் வேகத்தைத் தாண்ட மறுத்தது. முகப்புப் பலகையில் அதுவரை அவள் பார்த்திராத ஒரு மஞ்சள் விளக்கு விட்டுவிட்டுக் கண்ணடித்தது.

வேறு யாருடைய கார் என்றாலும் இது ஒரு ரிப்பேர், அவ்வளவுதான். ஞானகுமாரிக்கு அந்தக் கார்தான் கால். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனதிலிருந்து அவள் அடுத்தவர் கையைப் பிடித்துத்தான் ஏறினாள், இறங்கினாள். பஸ் கண்டக்டர்கள் அவளைப் பார்சல் போலத் தூக்கி உள்ளே வைத்தார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனாலும் பார்சல் பார்சல்தான். பஹ்ரைனில் இருந்த அண்ணன் ஜேசுராஜ் இதைப் பார்த்து மனம் பொறுக்காமல், கிளச்சே இல்லாத, கியரைத் தானே மாற்றிக்கொள்கிற ஜப்பான் கார் ஒன்றை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார். உடல் ஊனமுற்றவர்களுக்கான சலுகையில் அதைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்க இரண்டு வருஷம் ஆனது. நடுநடுவே அவளை வரவழைத்து, இடது கால் இன்னும் அப்படியேதான் இருக்கிறதா, முன்னேற்றம் ஏதும் உண்டா என்று அதிகாரிகள் சோதித்தார்கள். இல்லை என்று தெரிந்ததும் மகிழ்ந்து வாழ்த்துச் சொன்னார்கள்.

அப்படி வந்த கார். கொரட்டூர் ஏரிக்கரை ஓரமாக முதல் தடவை தனியாக ஓட்டிப் போனபோது ஞானகுமாரி கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வாய்விட்டுப் பாடினாள். மாதா கோயில் பாட்டுக்குழுவில்கூட அவள் அதுவரை வாயசைத்ததோடு சரி.

அந்தக் காரை நம்பித்தான் இப்போது தலைமையாசிரியை வேலைக்குச் சரி என்று சொல்லியிருந்தாள். அம்பத்தூரில் அவள் வேதியியல் நடத்திய பெண்கள் பள்ளியின் நிர்வாகத்துக்கு நூம்பலில் இன்னொரு பள்ளி இருந்தது. அங்கே தலைமையாசிரியை பிப்ரவரி கடைசியில் ஓய்வு பெறுகிறார். பள்ளியின் தாளாளர் ராயப்பன், பதவியைக் கொடுக்க மனமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"நூம்பலுக்கு நேர் பஸ் கிடையாதே டீச்சர். தினமும் எப்படி வருவீங்க?"

"என் வண்டியில வருவேன் சார்."

"அப்ப மார்ச் ஒண்ணாம் தேதி கடைசி மணி அடிக்கிறதுக்குள்ள வந்து சேர்ந்துடுங்க. இல்லைன்னா வேற ஆள் பார்க்க வேண்டியிருக்கும்."

வேற ஆள் தயாராக இருந்தார். ராயப்பனுடைய மனைவியின் தங்கை.

ஆகவே தயிர்க்காரர் முந்திய அன்று மாலையே ஞானகுமாரி ஊர்ந்து ஊர்ந்து பூந்தமல்லி போய்ச் சேர்ந்து, மெக்கானிக் ஹாஜா மொய்தீனின் பட்டறையில் வண்டியை நிறுத்தினாள். அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு மரியாதையாக மூடினார்.

"யம்மா, லாரி, வேன், டிராக்டர், எதுனா சொல்லு, பிரிச்சி மேஞ்சிடுவேன். இது வேற சாதி. ரெண்டாவது கியர்லயே குந்திகினு கீது. இன்னாத்துக்குன்னு எனக்குத் தெர்ல. தெர்யாம கைய வெச்சேன்னு வை, அப்பால நைட்டுல தூக்கம் வராது எனக்கு."

"வேற யார்கிட்ட போறது பாய்?"

"அம்பத்தூர்ல கவருமெண்டு ஒண்ணு கட்டி வெச்சிகினு கீறான். ஜெர்மன்காரன் மிசின் கீதாம். ஒயர சொருவுனா வண்டிக்கு இன்னா நோவுன்னு அதுவே புட்டுப் புட்டு வெச்சிடுமாம். அங்க போ. ஆனா ஒண்ணு, நான் சொன்னேன்னு சொல்லாத."

தானியங்கி ஊர்தி நோயறி உயர் மையம் என்பது அதன் பெயர். வாசலில் நீரூற்று இருந்தது; தண்ணீர் இல்லை. ஞானகுமாரி வண்டியை உள்ளே விட்டு, "ஆட்டோமேட்டிக் கார், கியர் மாற மாட்டேங்குது" என்று காவலாளியிடம் சொன்னாள். அவர் விசிலை ஊதினார். அடுத்த நிமிஷம் கட்டடத்தின் எல்லா ஜன்னல்களிலும் தலைகள் முளைத்தன. யாரோ கைதட்டினார்கள். படிகளில் இறங்கி ஓடிவந்தவர் இயக்குநர் உத்தமன். பின்னால், கையில் ரோஜா மாலையோடு, இணை இயக்குநர் வேலுசாமி. மாலையைக் காருக்குப் போட்டார்கள்.

"வாங்க மேடம், வாங்க! ரெண்டு வருஷமா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்றார் உத்தமன், கண் கலங்க.

மையத்தில் எல்லாம் இருந்தது. எட்டுப் பொறியாளர்கள் இருந்தார்கள். குளிரூட்டப்பட்ட கண்ணாடி அறையில் ஜெர்மன் இயந்திரம் இருந்தது. பட்டுச் சால்வை போர்த்தி, பொட்டு வைத்து, தினமும் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். இல்லாதவை இரண்டே இரண்டு. திறப்பு விழாவுக்கு அமைச்சரின் தேதி, திறந்துவைத்துக் காட்ட ஒரு பழுதான தானியங்கிக் கார்.

"அப்ப மிஷின இன்னும் யாரும் போட்டுப் பார்க்கலையா?"

வேலுசாமி காதைப் பொத்திக்கொண்டார். "திறப்பு விழாவுக்கு முன்னாடியா? என்ன மேடம், தாலி கட்டுறதுக்கு முன்னாடி குடித்தனம் நடத்தலாமான்னு கேக்கற மாதிரி இருக்கு."

கார் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டது. சாவி இரும்புப் பெட்டிக்குள் போனது. ஞானகுமாரி திகைத்து, "சார், விழா வரைக்கும் நானே ஓட்டிட்டிருக்கேனே, மெதுவாவாவது போகுதே" என்றாள்.

உத்தமன் பொறுமையாக விளக்கினார். "பழுதுள்ள வண்டியைப் பொதுச் சாலையில விடறது எங்க மனசாட்சிக்கு விரோதம் மேடம். பழுதில்லாத வண்டியை இங்கே வச்சிருக்கிறது எங்க விதிக்கு விரோதம். நீங்க எந்தக் கவலையும் படாதீங்க. உங்களுக்கு மாற்று வாகனம் ஏற்பாடு பண்றோம்."

மாற்று வாகனம் மறுநாள் காலை கொரட்டூரில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அது கிரேன். விபத்தில் கவிழ்ந்த லாரிகளைத் தூக்குகிற, மஞ்சள் வண்ணம் அடித்த, தலையில் சுழல்விளக்கு வைத்த கிரேன். மையத்தில் ஓடுகிற நிலையில் இருந்த ஒரே வண்டி அதுதான். ஓட்டுநர் கோவிந்தன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஏறிக்கம்மா டீச்சரு."

"இவ்வளவு உசரம் நான் எப்படிப்பா ஏறுவேன்?"

"இன்னாத்துக்குக் கீது கொக்கி?" என்றான் கோவிந்தன்.

ஒரு மர நாற்காலியைக் கொக்கியில் மாட்டி, அதில் அவளை உட்காரவைத்து, தெருவே வேடிக்கை பார்க்க மெல்லத் தூக்கி இருக்கையருகே இறக்கினான். மேலே போகும்போது ஞானகுமாரி கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தாள். பாதியில் கண்ணைத் திறந்தாள். அண்டை வீடுகளின் மொட்டை மாடிகள், காயும் வடகம், அதற்கப்பால் ஏரி. சிரிப்பு வந்துவிட்டது. பள்ளியில் மாணவிகள் ஆரவாரம் செய்தார்கள். ஒரு வாரத்தில் பத்தாம் வகுப்பு முழுவதும் படித்து முடித்ததும் கிரேன் ஓட்டுவது என்று முடிவு செய்திருந்தது.

ஆனால் நாட்கள் ஓடின. அமைச்சர் ஒரு தேதி கொடுத்தார், மாற்றினார். இன்னொன்று கொடுத்தார், அன்று அவருக்கு வேறொரு திறப்பு விழா. மையம் மட்டும் சோர்வடையாமல் ஒத்திகை பார்த்தது. விழாவின் உச்சமாக, அமைச்சர் பழுதான காரில் அமர்ந்து வளாகத்தை இரண்டு சுற்று வந்து, பழுதை நேரில் அனுபவிப்பார் என்பது திட்டம். ஒத்திகையில் கோவிந்தன் காரை ஓட்ட, அமைச்சராக வேலுசாமி உட்கார்ந்தார். முதல் வாரம் மரங்களைப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டாம் வாரம் தோட்டக்காரருக்குச் சம்பள உயர்வு அறிவித்தார். மூன்றாம் வாரம், முகப்பில் விளக்கு கண்ணடிப்பது தன் பதவிக்கு மரியாதையாக இல்லை என்று சொல்லி அதன்மேல் சந்தனத்தை அப்பச் செய்தார்.

அந்த மூன்றாம் வாரத்தில்தான் அந்த விபரீதம் நடந்தது. கேன்டீன் பக்கத்து வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. இறங்கியதுதான் தாமதம், மூன்றாம் கியருக்குத் தாவியது. பிறகு நான்காம் கியருக்கு. வேலுசாமியின் பொன்னாடை பறந்து போய் நீரூற்றில் விழுந்தது. கோவிந்தன் பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது மையம் முழுவதும் உறைந்து நின்றது.

"பழுது?" என்றார் உத்தமன், உடைந்த குரலில்.

"காணோம் சார்" என்றான் கோவிந்தன்.

வாயிற்கதவு உடனே மூடப்பட்டது. வெளியே போகிறவர்களின் டிபன் பாக்ஸ்களைக் காவலாளி திறந்து சோதித்தார். என்னத்தைத் தேடுகிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஞானகுமாரிக்கு அவசரமாக ஆள் போனது. கொக்கி நாற்காலியில் வந்து இறங்கியவளை உத்தமன் நிற்கவைத்தே கேட்டார்.

"மேடம், உண்மையைச் சொல்லுங்க. நீங்க எங்ககிட்ட ஒப்படைச்சது நம்பகமான பழுதுதானா?"

ஞானகுமாரிக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் மலர்ந்தது. "வண்டி சரியாயிடுச்சா சார்? அப்ப சாவியைக் குடுத்துடுங்க, நான் கிளம்பறேன்."

"சரியான வண்டியை வச்சுக்கிட்டு நோயறி மையத்தை எப்படிம்மா திறக்கிறது? ஆஸ்பத்திரி திறக்கிற அன்னிக்கு நோயாளி எழுந்து ஓடிப்போனா ஆஸ்பத்திரிக்கு என்ன மரியாதை?" இயக்குநர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

அன்று பிற்பகலே பழுது மீட்புக் குழு அமைக்கப்பட்டது. எட்டுப் பொறியாளர்களும் அதில் உறுப்பினர்கள். இரண்டு வருஷமாக அவர்களில் ஒருவருக்கும் காரைத் தொடும் வாய்ப்பு வந்ததில்லை. இப்போது உத்தரவே வந்துவிட்டது: எப்பாடுபட்டாவது பழைய பழுதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாய்ந்தார்கள். ஒருவர் காருக்கடியில் போனார், இருவர் பானெட்டுக்குள் கவிழ்ந்தார்கள். மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்றை அசைப்பது, ஓட்டிப் பார்ப்பது, அடுத்ததை அசைப்பது. கிரீஸ் பூசிய முகங்களோடு ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஞானகுமாரிக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாகவும் ஆசையாகவும் இருந்தது. இத்தனை கெட்டிக்காரர்களை இப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்களே என்று நினைத்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஆனந்தன் என்கிற இளம் பொறியாளர், "கிடைச்சிடுச்சு!" என்று கத்தினார். காற்று வடிகட்டிக்குக் கீழே, கியர்பெட்டியின் தோளில், கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார். அதன் பிளக்கை அவர் லேசாக வெளியே இழுத்தார். கோவிந்தன் ஓட்டினான். கார் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஊர்ந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். லட்டு வந்தது.

"இன்ஜின் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணிச் சொல்றது இந்த சென்சாரோட வேலை மேடம்" என்று ஆனந்தன் ஞானகுமாரிக்கு விளக்கினார். "அந்தக் கணக்கைக் கேட்டுத்தான் கியர்பெட்டியோட கம்ப்யூட்டர் கியர் மாத்தும். பிளக் லூசானதால சேதி போகல. சேதி வரலைன்னா அது பயந்துக்கிட்டு ரெண்டாவது கியர்லயே நின்னுடும். முன்னேயும் போகாது, பின்னேயும் வராது."

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த உத்தமன் நெகிழ்ந்துபோனார். "மேலிடத்துலேருந்து தகவல் வரலைன்னா இருக்கிற இடத்துலயே இருக்கிறது! ஆஹா. ஜப்பான்காரன் நம்ம துறையைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டிருக்கணும்."

"அப்ப பழுது என்னன்னு கண்டுபிடிச்சாச்சே சார்" என்றாள் ஞானகுமாரி. "பிளக்கை அமுக்கிட்டா முடிஞ்சுது."

வேலுசாமி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், இது வெளியே போகக்கூடாது" என்றார் உத்தமன். "மிஷின் இல்லாமலே நாங்க கண்டுபிடிச்சோம்னு தெரிஞ்சா மிஷின் எதுக்குன்னு கேப்பாங்க. மிஷின் எதுக்குன்னு கேட்டா மையம் எதுக்குன்னு கேப்பாங்க. அப்புறம் நான் எதுக்குன்னு கேக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

பிளக் லூசாக்கப்பட்டு, அதற்குக் காவலாக லத்தியோடு ஒருவர் நியமிக்கப்பட்டார். ஞானகுமாரி கிளம்பும்போது ஆனந்தன் அவளுக்கு ஊன்றுகோலை எடுத்துக் கொடுப்பதுபோல் அருகில் வந்தார். "டக்குனு சத்தம் கேக்கற வரைக்கும் அமுக்கணும். பிளக்கோட பூட்டு உடைஞ்சிருக்கு, ஒரு நூலைச் சுத்திக் கட்டிட்டா நிக்கும். அப்புறம் எதுக்கும் சாவியை ஒரு தடவை அணைச்சுப் போடணும்" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "நான் எதுவும் சொல்லல மேடம்" என்று நகர்ந்தார்.

அமைச்சர் கடைசியாகக் கொடுத்த, மாற்றவே மாட்டேன் என்று சொன்ன தேதி மார்ச் ஒன்று.

"எனக்கு அன்னிக்கு நூம்பல்ல வேலையில சேரணும் சார்" என்று ஞானகுமாரி கெஞ்சினாள். "பயனாளி இல்லாம விழாவா? பத்து மணிக்கு விழா, பதினொரு மணிக்கு வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் வேலுசாமி. கிரேனிலாவது போய்விடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அமைச்சருக்கு ஆளுயரத்துக்கு ஏழு மடங்கு மாலை ஒன்று கட்டி, கிரேனின் கொக்கியில் தொங்கவிட்டிருந்தார்கள்.

பத்து மணி விழாவுக்கு அமைச்சர் மதியம் இரண்டரைக்கு வந்தார். கிரேன் மாலையை இறக்கியது. அமைச்சர் மாலைக்குள் காணாமல் போனார். நான்கு பேர் கையை விட்டுத் தேடி அவரை வெளியே எடுத்தார்கள்.

மேடையில் பானெட் திறந்த கார். பக்கத்தில் ஒரு நாற்காலியில், 'பயனாளி' என்று எழுதிய பட்டையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு ஞானகுமாரி. கண்ணாடி அறையிலிருந்து இயந்திரத்தைப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள். சால்வை விலகியது. அமைச்சர் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வருஷம் சும்மா கிடந்ததில் அதன் உள்பேட்டரி செத்துப்போயிருந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

வேலுசாமி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "மாண்புமிகு அமைச்சரின் முன்னிலையில் இயந்திரம் அடக்கத்தோடு நடந்துகொள்கிறது!" உத்தமன் குனிந்து இயந்திரத்தின்மேல் காதை வைத்தார். தலையை ஆட்டினார். நிமிர்ந்து, "இன்ஜின் வேக சென்சார் பழுது!" என்று முழங்கினார். பந்தல் அதிர்ந்தது. எட்டுப் பொறியாளர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு கைதட்டினார்கள்.

அமைச்சர் பேச எழுந்தார். "ரெண்டே வருஷத்துல ஒரு பழுதைக் கண்டுபிடிச்சிருக்கோம். உலகத்துல எந்த நாட்டுல இந்தச் சாதனை உண்டு? ஆனா நாங்க கண்டுபிடிக்கிறதோட நிக்கிற அரசு இல்ல. இது நோயறி மையம். இங்கே அறியத்தான் முடியும், நீக்க முடியாது. ஆகவே பழுது நீக்க உயர் மையம் ஒண்ணை இன்னும் அஞ்சு வருஷத்துல கட்டி முடிப்போம். அதுவரைக்கும் இந்தச் சகோதரியோட காரை அரசே பத்திரமா வச்சிருந்து, முதல் காரா அங்கே சேர்க்கும்னு இந்த மேடையில அறிவிக்கிறேன்!"

ஞானகுமாரி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேகால். அஞ்சு வருஷம் என்று இன்னொரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து, கால் மரத்துப்போனவள் காரைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் நின்றாள். லத்திக்காரர் கைதட்டிக்கொண்டிருந்தார். காற்று வடிகட்டிக்கு அடியில் கையை விட்டாள். டக். மேளச் சத்தத்தில் அது அவளுக்கு மட்டும் கேட்டது. தனக்குக் கொடுத்த பூங்கொத்திலிருந்து நூலை உருவி, பிளக்கை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். ஆனந்தன் பந்தலின் ஜரிகை வேலைப்பாட்டை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நிகழ்ச்சி, அமைச்சர் பழுதை அனுபவிப்பது. "நானே ஓட்டறேன் சார், பயனாளி ஓட்டினா போட்டோவுக்கு நல்லாயிருக்கும்" என்றாள். வேலுசாமிக்கு அந்த யோசனை தனக்கு வரவில்லையே என்று வருத்தம். பானெட்டை மூடினார்கள். அமைச்சர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஞானகுமாரி சாவியைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டாள். சந்தனத்துக்கு அடியில் எந்த வெளிச்சமும் இல்லை. மிதியை அழுத்தினாள்.

முதல் கியர். இரண்டாம் கியர். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் கியர், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல். திறந்திருந்த வாயிற்கதவு வழியாகக் கார் வெளியே போயிற்று.

"ரெண்டு ரவுண்டுன்னுல்ல சொன்னாங்க?" என்றார் அமைச்சர்.

"ரோட்டுல போனாத்தாங்க ஐயா பழுது நல்லாத் தெரியும்."

வானகரம் சாலையில் கார் பறந்தது. லாரிகள் பின்னால் போயின. ஒரு தயிர்க்காரரும் பின்னால் போனார். அவரேதானா என்று பார்க்க ஞானகுமாரிக்கு அவகாசம் இல்லை. முதலில் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்த அமைச்சர், மெல்லக் கண்ணாடியை இறக்கிக் காற்றில் முகத்தை நீட்டினார்.

"முன்னால ரெண்டு ஜீப்பு இல்லாம நான் ரோட்டையே பார்த்ததில்லம்மா. நல்லாத்தான் இருக்கு. ஆமா, பழுது எப்ப வரும்?"

"வரும் ஐயா, போய்க்கிட்டே இருப்போம்."

பின்னால் வெகுதூரத்தில், கொக்கியில் ராட்சத மாலை ஆட, சுழல்விளக்கு சுழல, கிரேன் துரத்தி வந்தது. கோவிந்தனின் இருபுறமும் உத்தமனும் வேலுசாமியும் தொற்றிக்கொண்டிருந்தார்கள்.

நூம்பல் பள்ளி வாசலில் கார் நின்றபோது கடைசி மணிக்கு இன்னும் சில நிமிஷங்கள் இருந்தன. வாசலிலேயே கைக்கடிகாரத்தோடு நின்றிருந்தார் ராயப்பன். ஞானகுமாரி இறங்குவதைப் பார்த்து முகம் சுண்டியது. மறுபக்கக் கதவு திறந்து அமைச்சர் இறங்குவதைப் பார்த்து அந்தச் சுண்டிய முகம் அப்படியே வணக்கமாக விரிந்தது.

"டீச்சர், சொல்லவேயில்லையே! உள்ளே வாங்க, உடனே கையெழுத்துப் போடுங்க! ஐயா, மாலை... மாலைக்கு ஆள் அனுப்பறேன்..."

ஞானகுமாரி நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் தலைமையாசிரியை என்று எழுதியிருந்த இடத்தில் தன் பெயரைப் போட்டாள். வெளியே வந்தபோது அமைச்சர் ராயப்பனின் காதருகே குனிந்து ஏதோ ரகசியம் பேசிக்கொண்டிருந்தார். விழாவில் அவருக்கு வரிசையாக நான்கு இளநீர் கொடுத்திருந்தார்கள்.

"அது... புதுசாக் கட்டியிருக்கோம் ஐயா, எட்டுக் கழிப்பறை, தண்ணி வசதியோட" என்று ராயப்பன் கையைப் பிசைந்தார். "பிள்ளைங்களுக்காகக் கட்டினது. ஆனா ஒன்றரை வருஷமா பூட்டியிருக்கு. பிஷப் ஐயா வந்து ஜெபிச்சு மந்திரிச்சுத் திறக்கணும். இன்னும் தேதி குடுக்கல."

"அப்ப பிள்ளைங்க எங்கே போறாங்க?" என்றாள் ஞானகுமாரி.

"சாப்பாட்டு மணியில வீட்டுக்குப் போயிட்டு வருவாங்க. சிலது வராது."

"பூட்டைத் திறய்யா!" என்றார் அமைச்சர்.

"ரிப்பன் கட்டியிருக்கு ஐயா. கத்தரிக்கோல் வெள்ளியில செஞ்சு வச்சிருக்கு, அது பேங்க் லாக்கர்ல... ஒரு வரவேற்புரை மட்டும்..."

அமைச்சர் அதற்கு மேல் கேட்கவில்லை. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினார். ரிப்பனை நெஞ்சாலேயே அறுத்தார். ராயப்பன் பின்னாலேயே ஓடிச் சாவியைப் போட்டுத் திருப்ப, கதவு திறந்து மூடிக்கொண்டது. அமைச்சரின் பொதுவாழ்வில் உரை நிகழ்த்தாமல் அவர் திறந்துவைத்த ஒரே கட்டடம் அதுதான்.

அதற்குள் கிரேன் வந்து சேர்ந்தது. உத்தமன் மூச்சிரைக்க இறங்கி ஓடி வந்து, காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானெட்டைத் தடவிப் பார்த்தார். அழுகிற குரலில் கேட்டார்.

"மேடம், பழுது எங்கே? அமைச்சர் கையால கண்டுபிடிச்ச பழுது. அது இப்ப அரசாங்கச் சொத்து மேடம்!"

"நான் எதையும் எடுத்துட்டு வரல சார்" என்றாள் ஞானகுமாரி. "அது உங்க மையத்துலதான் இருக்கு. போய் நல்லாப் பாருங்க."

உத்தமன் ஒரு கணம் யோசித்தார். பிறகு கோவிந்தனிடம், "வண்டியைத் திருப்பு, அங்கேதான் எங்கேயோ விழுந்திருக்கு" என்றார்.

கதவு திறந்தது. அமைச்சர் முகத்தில் பெரும் சாந்தியோடு வெளியே வந்தார். கடைசி மணி அடித்தது. வகுப்புகளிலிருந்து வெளியே வந்த பெண்கள் அறுந்து கிடந்த ரிப்பனையும், திறந்திருந்த கதவையும், உள்ளே பளபளத்த வெள்ளை ஓடுகளையும் பார்த்து அப்படியே நின்றார்கள். ராயப்பன் பூட்டோடு கதவை நோக்கி நகர்ந்தார். ஞானகுமாரி ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினாள்.

முன்வரிசையில் நின்ற பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மிஸ், இனிமே நாங்களும் போலாமா?"

"போங்க" என்றாள் ஞானகுமாரி.

தலைமையாசிரியையாக அவள் ஆற்றிய முதல் உரை அது. முடிவதற்குள்ளாகவே கூட்டம் கலைந்து ஓடியது.